தோழிகள் பரிசாகக் கொடுத்த ஓர் இரவு ஹோட்டல் தங்கல்: போகலாமா, எப்படிப் போவது?

மாலைநிழல் | திங்கள், இரவு 11.40

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. வலது கையும் காலும் இன்னும் ஒத்துழைக்கவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் பகல் எப்படியோ ஓடிவிடும். இரவுதான் கஷ்டம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதலில் அலாரம் வைத்து எழுந்தேன். இப்போது அலாரம் அடிப்பதற்கு முன்பே கண் திறந்துகொள்கிறது.

போன வாரம் என் தோழிகள் மூன்று பேர் வந்தார்கள். கல்லூரி நாட்களிலிருந்து பழக்கம். கிளம்பும்போது ஓர் உறையைக் கையில் வைத்தார்கள். உள்ளே ஒரு ஹோட்டலில் ஓர் இரவு தங்குவதற்கான வவுச்சர், என் பெயரில், எனக்கு மட்டும். அதோடு மடித்து வைத்த ஒரு தாள். சனிக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து ஞாயிறு மதியம் ஒரு மணி வரை அம்மாவுடன் யார் யார் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு யார், நான்கு மணிக்கு யார் என்பதுவரை.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமைதான் அது. நாள் நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைகிறது. அம்மாவை விட்டுவிட்டு நான் மட்டும் போய் மெத்தையில் புரள்வதா என்று இருக்கிறது. அவர் இரவில் விழித்து என்னைத் தேடினால்? அதைவிட இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தனியாக ஒரு நாள் கிடைத்தால் என்ன செய்வது என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து | செவ்வாய், காலை 7.15

சகோதரி, மனசு சம்பந்தப்பட்டதை மற்றவர்கள் சொல்வார்கள். நான் பதினோரு வருடம் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஓர் இரவு. அதில் அரை மணி நேரம்கூட வரவேற்பு மேசையில் நின்று வீணாகக் கூடாது.

இன்றே ஹோட்டலுக்கு போன் செய்யுங்கள். பரிசு வவுச்சர் கையில் இருப்பதும் அறை பதிவாகியிருப்பதும் ஒன்றல்ல. வவுச்சரை வாங்கிக் கொடுத்துவிட்டு, தேதிக்கு அறையைப் பதிவு செய்ய மறந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வவுச்சர்களுக்குக் காலாவதித் தேதி இருக்கும். சில நாட்களில் செல்லாது என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. வவுச்சர் எண்ணைச் சொல்லி, "சனிக்கிழமைக்கு என் பெயரில் அறை உறுதியாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது டெபாசிட். அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்றாலும், கூடுதல் செலவுகளுக்காக உங்கள் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். அது செலவு இல்லை. கணக்கை முடித்ததும் விடுவித்துவிடுவார்கள், வங்கியில் தெரியச் சில நாட்கள் ஆகும். இது தெரியாமல், பரிசு வவுச்சரோடு வந்தவர்கள் மேசை முன்னால் முகம் வாடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அறை. இதுதான் முக்கியம். "தூங்குவதற்காகவே வருகிறேன், அமைதியான அறை வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பதிவில் குறித்து வைப்பார்கள். லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டாம். விழா அரங்குக்கு மேலேயோ கீழேயோ வேண்டாம், சனிக்கிழமை என்றால் அங்கே நள்ளிரவு வரை சத்தம் இருக்கும். பக்கத்து அறைக்குப் போகிற இடைக்கதவு உள்ள அறையும் வேண்டாம். அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறைக்காரர் இருமுவதுகூடக் கேட்கும். நடைக்கூடத்தின் கடைசி அறை கிடைத்தால் நல்லது.

பெரும்பாலான இடங்களில் மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். மறுநாள் காலி செய்வது பதினொன்று அல்லது பன்னிரண்டு. ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டுமென்றால் முந்தைய மாலையே கேளுங்கள். அடுத்த நாள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அந்நேரத்துக்கு மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். காலையில் கேட்டால் பல சமயம் கை விரித்துவிடுவார்கள்.

அறைக்குள் போனதும் கட்டிலருகே இருக்கும் கடிகாரத்தில் அலாரம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் தங்கியவர் அதிகாலைக்கு வைத்துவிட்டுப் போயிருப்பார். சுவரில் சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் என்றால், வெளியே எடுத்ததும் பல இடங்களில் ஏசியும் நின்றுவிடும். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையை வெளியே மாட்டி, உள்தாழ்ப்பாளும் போட்டுவிடுங்கள்.

இரட்டைத்தாய் | செவ்வாய், காலை 10.05

எனக்கும் இப்படி ஒரு பரிசு வந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம். அலுவலக நண்பர்கள் சேர்ந்து எனக்கும் கணவருக்கும் ஓர் இரவு ஹோட்டல் வவுச்சர் கொடுத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவு பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை. வவுச்சர் ஒரு வருடம் அலமாரி இழுப்பறையில் கிடந்து காலாவதியானது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு வேலை பாக்கி என்றுதான் தோன்றியது.

அதனால் சொல்கிறேன் அக்கா. உங்கள் தோழிகள் கொடுத்த பரிசு அந்த இரண்டாவது தாள்தான். இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பது என்று எழுதும் அளவுக்கு உங்கள் வாழ்க்கையைக் கவனித்திருக்கிறார்கள். போய் வாருங்கள்.

கல்தூண் | செவ்வாய், மாலை 6.30

எல்லோரும் போகச் சொல்வார்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவை நான்கு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவன் நான். மூன்றாவது வருடம் ஒரு நண்பர் என்னை இப்படித்தான் ஓர் இரவுக்கு அனுப்பி வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அடி விழுந்தது. அதே அறை, அதே வாசனை, அதே மருந்து டப்பா. முன்பெல்லாம் அது பழகிப்போயிருந்தது. ஓர் இரவு வெளியே இருந்துவிட்டு வந்ததில் அதன் கனம் முழுவதும் தெரிந்துவிட்டது. அந்த வாரம் அப்பாவிடம் இரண்டு முறை எரிந்து விழுந்தேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

ஓர் இரவு ஓய்வு ஒன்றையும் மாற்றாது. அந்தப் பணத்துக்கு வாரம் ஓர் இரவு ஆள் வைத்திருந்தால் ஒன்றரை மாதத்துக்காவது வந்திருக்கும். தோழிகளிடம் நேராகவே கேட்டுப் பாருங்கள். உண்மையான அக்கறை இருந்தால் புரிந்துகொள்வார்கள்.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 9.50

நான் செவிலியர், நரம்பியல் வார்டு. கல்தூண் ஐயா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. திரும்பி வரும் நாள் கடினமான நாள்தான். அதனால்தான் ஞாயிறு மதியம் திரும்பியதும் எல்லாவற்றையும் உடனே கையில் வாங்கிக்கொள்ளாதீர்கள், ஒரு தோழி மாலை வரை கூட இருக்கட்டும் என்பேன். போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

குற்ற உணர்ச்சி பற்றி ஒன்று. நோயாளியைக் கவனிப்பவர்களின் சுமையை அளக்க ஸாரிட் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980இல் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். இப்போது பரவலாகப் பயன்படுவது அதன் 22 கேள்விகள் கொண்ட வடிவம். உடல் களைப்பு, பணம், நேரமின்மை எல்லாம் அதில் உண்டு. இவருக்கு இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதும் ஒரு கேள்வி. உங்களுக்கு இருக்கிற அந்த உணர்வு சுமையின் அடையாளங்களில் ஒன்று. நீங்கள் குறைவாகச் செய்கிறீர்கள் என்பதற்கான சாட்சியமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது தூக்கம். போய்ப் படுத்ததும் அடித்துப்போட்டதுபோல் தூங்குவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். இடம் மாறினால் தூக்கம் வராது என்று வீட்டில் சொல்வார்களே, அது உண்மை. தூக்க ஆய்வகங்களில் 1966இலேயே இதைக் கவனித்து 'முதல் இரவு விளைவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2016இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தைப் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இடது பாதியில் ஆழ்ந்த தூக்கம் குறைவாக இருந்தது. அந்நியச் சத்தங்களுக்கு அந்தப் பாதி கூடுதலாக விழித்துக்கொண்டது. டால்பின்களும் சில பறவைகளும் மூளையின் ஒரு பாதியை விழிப்பாக வைத்துக்கொண்டு தூங்குகின்றன, அதன் சாயல் நம்மிடமும் இருக்கிறது. நீங்களோ வீட்டிலேயே இரண்டரை வருடமாக ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர். அதனால் முதல் சில மணி நேரம் புரண்டு படுத்தால், பரிசை வீணடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. உங்கள் தலையணை உறையை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், பழகிய வாசனை உதவும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளியுங்கள். 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில் பத்து நிமிடம் போதும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள், சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது என்று. சூடான குளியலுக்குப் பிறகு கை கால் வழியாக உடலின் சூடு வெளியேறி, உள் வெப்பநிலை இறங்குகிறது. தூக்கத்துக்கு அந்த இறக்கம் தேவை. அறையும் குளிர்ச்சியாக இருக்கட்டும். காபி, தேநீர் மதியத்தோடு சரி. கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதியம் போனதும் கண் சொக்கினால் இருபது நிமிடம் தூங்குங்கள். மாலை வரை தூங்கிவிட்டால் இரவு கெட்டுவிடும்.

தோழிகள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தால் சொல்லுங்கள். ஒப்படைப்புத் தாள் எழுத உதவுகிறேன். எங்கள் வேலையில் பணிநேரம் மாறும்போது தினமும் செய்வது அதுதான்.

பழைய பயணி | புதன், காலை 6.20

வேலைக்காக வருடக்கணக்கில் ஹோட்டல்களில் தனியாகத் தங்கியவன். ஒன்றே ஒன்று சொல்வேன். போனை என்ன செய்வது என்று போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் முடிவு செய்யலாம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பீர்கள்.

மாலைநிழல் | புதன், மதியம் 1.30

எல்லோருக்கும் நன்றி. காலையில் ஹோட்டலுக்கு போன் செய்தேன். சாவிக்கொத்து அண்ணன் சொன்னதுபோலவே, வவுச்சர் இருக்கிறது, அறை பதிவாகவில்லை! போனிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். நடைக்கூடத்தின் கடைசி அறை. தூங்குவதற்காக வருகிறேன் என்றதும் அந்தப் பெண், "நன்றாகத் தூங்குங்கள், நான் குறித்து வைக்கிறேன்" என்றார்.

கல்தூண் ஐயா, நீங்கள் எழுதியதை நான்கைந்து முறை படித்தேன். நானும் அம்மாவிடம் எரிந்து விழுந்திருக்கிறேன், ஒரு ஹோட்டலுக்கும் போகாமலேயே. போனால் எரிந்து விழுவேனோ என்ற பயத்தைவிட, போகாவிட்டால் இன்னும் எத்தனை முறை விழுவேனோ என்ற பயம் எனக்கு அதிகம். ஆள் வைக்கும் யோசனை சரிதான். ஆனால் இது அவர்களாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. இதற்குப் பதிலாக அதைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இரவுப்பணி அக்கா, ஒப்படைப்புத் தாளில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

இரவுப்பணி | புதன், இரவு 10.15

ஒரே பக்கம், பெரிய எழுத்து. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்று வரிசையாக எழுதுங்கள். திருப்பிய பிறகு முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்பதைச் சிவப்பில் எழுதுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத் தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் இறங்கிவிடும். பழக்கமில்லாதவர்கள் அன்பாகத் தூக்கி உட்கார வைக்கும்போதுதான் இது நடக்கிறது. உணவு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. புரையேறாமலிருக்கத் தண்ணீரை எந்தப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கிறீர்கள், மாத்திரை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அவர்களுக்குத் தெரியாது, எழுதுங்கள்.

முகம் ஒரு பக்கம் புதிதாகக் கோணினால், நன்றாக இருக்கும் கை திடீரென்று தளர்ந்தால், பேச்சு குழறினால் முதலில் ஆம்புலன்ஸ், அப்புறம்தான் உங்களுக்கு போன். இந்த வரிசை மாறக் கூடாது.

கடைசியாக, அம்மா எதில் சிரிப்பார், எதில் கோபப்படுவார் என்று இரண்டு வரி எழுதுங்கள். வார்டில் இதை யாரும் எழுதுவதில்லை, எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கல்தூண் | வியாழன், காலை 8.00

தங்கையே, போவது என்று முடிவாகிவிட்டது, சரி. அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். வெள்ளிக்கிழமை இரவே தோழிகளில் ஒருவரை வரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அம்மாவை அவரே திருப்பட்டும். கையால் ஒருமுறை செய்தால்தான் வரும். அம்மாவுக்கும் அந்தக் கை பழகும். நான் போனபோது இதைச் செய்யவில்லை. அப்பா இரவு முழுக்க, துணைக்கு இருந்தவரைத் தொடவே விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். எப்போது திரும்புவீர்கள் என்று மணியோடு சொல்லுங்கள்.

மாலைநிழல் | ஞாயிறு, இரவு 9.10

வந்துவிட்டேன். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

வெள்ளி இரவு ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை தோழி பயந்து பயந்து திருப்பினாள். அம்மா முகத்தைச் சுளித்தார். இரண்டாவது தடவை நன்றாகச் செய்தாள். சனி காலை அம்மாவிடம் சொன்னேன். நாளை மதியம் ஒரு மணிக்கு வருவேன் என்றதும் இடது கையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பிறகு போ என்பதுபோல் கையை ஆட்டினார்.

போன் விஷயத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். இரவு பத்துக்கு ஒரு செய்தி, காலை ஏழுக்கு ஒரு செய்தி. ஏதாவது பிரச்சினை என்றால் மட்டும் அழைப்பு. நான் கேட்டு அனுப்பக் கூடாது.

அறைக் கதவைச் சாத்தியதும் முதலில் தெரிந்தது அந்த அமைதி. எங்கள் வீட்டில் காற்று மெத்தையின் மோட்டார் இரவு பகல் இரைந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் காது என்னவோபோல் ஆகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தேன். வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. இரண்டரை வருடமாக விரிப்பில் சுருக்கம் விழாமல் பார்த்துப் பார்த்து இழுத்து விட்டவள் நான், சுருக்கம் இருந்தால் அம்மா தோல் சிவந்துவிடும். இங்கே எனக்காக யாரோ இழுத்து விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து நன்றாக அழுதேன். அழுது முடித்து, போட்ட உடையோடு அப்படியே தூங்கியும் போனேன். இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தீர்கள் அக்கா, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

மாலையில் ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, இருட்டும் வரை கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. படிக்கலாம் என்று ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன், பிரிக்கவே இல்லை. எட்டரை மணிக்கு வெந்நீரில் குளித்தேன். தண்ணீர் ஆறும் வரை தொட்டியில் கிடந்தேன். வீட்டில் ஐந்து நிமிடக் குளியல்தான், அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

பத்து மணிக்குச் செய்தி வந்தது: "சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தாச்சு, இடது பக்கம் படுத்திருக்கிறார்." படுத்தேன். தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு தாண்டியிருக்கும், எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. இரண்டு மணிக்குப் பட்டென்று முழிப்பு வந்தது. எழுந்து கால் தரையில் வைத்தாகிவிட்டது. கை பக்கத்தில் கட்டிலைத் தேடுகிறது, அங்கே சுவர். எங்கே இருக்கிறேன் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. போனை எடுத்தேன், வைத்தேன். இந்த நேரத்தில் அவள் எழுந்திருப்பாளா, அலாரம் அடித்திருக்குமா என்று மனம் ஓடியது. அந்தத் தாள் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி என்று போட்டு எதிரில் அவள் பெயர், அவளே தன் கையால் எழுதியது. அதைப் பார்த்ததும் என்னவோ நம்பிக்கை வந்தது. திரும்பப் படுத்தேன்.

கண் விழித்தபோது ஒன்பதே கால். ஏழு மணிச் செய்தி வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, நான் பார்க்கவில்லை. இரண்டு மணியிலிருந்து ஒன்பதே கால் வரை ஒரே மூச்சில் தூங்கியிருக்கிறேன். எழுந்ததும் அரை மணி நேரம் தலை பாரமாக இருந்தது, பயந்துவிட்டேன். வெளிச்சத்தில் கொஞ்சம் நடந்ததும் தெளிந்துவிட்டது.

இனி வீட்டுக்கு வந்த கதை. கல்தூண் ஐயா, நீங்கள் சொன்ன அடி எனக்கும் விழுந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த மோட்டார் சத்தம் கேட்டது, நெஞ்சு கனத்தது. நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் இது வரும் என்று தெரிந்திருந்தது, அதனால் நின்று ஒரு நிமிடம் மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனேன். அது பெரிய உதவி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே போனால் அம்மா தலைக்கு எண்ணெய் தடவி, பின்னல் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் எத்தனை நாளாகப் பின்னல் போடவில்லை. நேரமில்லை என்று முடியை வெட்டிவிட நினைத்திருந்தேன்.

தோழிகள் மூவரும் மாலை வரை இருந்தார்கள். நான்கு மணி முறையை எடுத்தவள் என்னைத் தனியாக அழைத்துப் போய், "நீ இதைத் தினமும் செய்கிறாயா?" என்றாள். அவளுக்குத் தோள் வலி, கையைத் தூக்கவே முடியவில்லை. ஃபோனில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அவளும் ஐயோ என்றிருக்கிறாள். செய்து பார்த்த பிறகு அவள் முகமே வேறு மாதிரி இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர்களே பேசி முடிவு செய்தார்கள், மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை இரவு அவர்களில் ஒருத்தி இங்கே வந்து தங்குவதாக. ஹோட்டல் எல்லாம் வேண்டாம், நான் என் அறையில் கதவைச் சாத்தித் தூங்கினால் போதும்.

கல்தூண் | ஞாயிறு, இரவு 10.40

படித்தேன். ஓர் இரவு எதையும் மாற்றாது என்று எழுதியிருந்தேன். அது தப்பு. என் நண்பர் அன்றைக்குப் பணம் கட்டி என்னை அனுப்பினார், அப்பாவுடன் இருந்தது வேறொருவர். உங்கள் தோழிகள் தாங்களே வந்து விழித்திருந்தார்கள். அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை.

தோள் வலிக்கிற பெண்ணுக்கு, கட்டில் விரிப்புக்குக் குறுக்கே இன்னொரு விரிப்பை மடித்துப் போட்டு, அதைப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். ஆளைப் பிடித்துத் திருப்புவதைவிடப் பாதி பலம் போதும்.

தென்றல் | திங்கள், காலை 9.25

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். என் சிநேகிதியின் மகனுக்கு நாள்பட்ட நோய், மருத்துவமனையும் வீடுமாக அலைகிறாள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அவளுக்கு இப்படி ஒன்று செய்ய நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.

சாவிக்கொத்து | திங்கள், மதியம் 12.50

ஹோட்டல் பக்கத்தை நான் சொல்கிறேன். தேதியை மாற்ற முடிகிற அறையாகப் பதிவு செய்யுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் சரி. நோயாளி இருக்கும் வீட்டில் முந்தைய நாள் காய்ச்சல் வரலாம். மாற்ற முடியாத பதிவாக இருந்தால் அவர் கடமைக்காகப் போவார், இல்லையென்றால் பணம் போச்சே என்று உங்களுக்காக வருந்துவார். டெபாசிட்டையும் அறைக்கு வரும் உணவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி ஹோட்டலிடம் முன்பே எழுதிக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து அரை மணி தூரத்துக்குள் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்று தெரிந்தால்தான் அப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கம் வரும்.

மாலைநிழல் | திங்கள், இரவு 11.05

தென்றல், "உனக்கு ஓய்வு வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். என்னிடம் அப்படிக் கேட்ட எல்லோரிடமும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளில் மறுக்க இடமே இல்லாமல் எழுதியிருந்தது. இன்ன மணி, இன்னார். அதற்குக் கீழே ஒரு வரி: "நீ இடையில் திரும்பி வந்தாலும் பரவாயில்லை, நாங்கள் எப்படியும் இங்கேதான் இருப்போம்." அந்த வரி இல்லையென்றால் நான் போயிருக்க மாட்டேன்.

உங்கள் சிநேகிதியின் மகனிடமும் முன்னதாகவே பழகிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே ஆளுக்கொரு நாள் போய் அவனோடு கொஞ்ச நேரம் இருங்கள். மருந்து, உபகரணம் எதுவாக இருந்தாலும் அவள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள்.

எங்களுக்கு அடுத்த இரண்டாவது சனிக்கிழமைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. இன்று காலை தலை வாரும்போது அம்மா என் கையைத் தள்ளிவிட்டார். பின்னல் போட்டவள் எப்போது வருவாள் என்று கேட்கிறார். கல்தூண் ஐயா சொன்ன குறுக்கு விரிப்பை இன்றிரவு போட்டிருக்கிறேன். இரண்டு மணிக்கு எழுந்ததும் முயன்று பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.